பத்மகுமாரின் நாய் என் பெயருக்கு மாறிய விவரம்

கால்நடை டாக்டர், சௌபாக்கியவதி மருமகள் திவ்யலட்சுமிக்கு, திருவனந்தபுரம் கரமனையிலிருந்து மாமன் திரவியம் ஆசி கூறி எழுதுவது. நானும் அத்தை பொன்னம்மையும் சுகம். என் சர்க்கரை மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது, அதுவும் நம் குடும்பத்துப் பிடிவாதம்தானே. போனில் சொன்னால் அத்தை காதில் விழும், அதனால் கடிதம்.

பக்கத்து வீட்டுப் பத்மகுமார் ஆசையாக வாங்கிய லாப்ரடாரை மாடிப்படிக்கு அடியில் கட்டிப்போட்டு மறந்தே போனான். கிண்ணத்தில் மழைத்தண்ணீர்தான். விலா எலும்பை என் ஜன்னலிலிருந்தே எண்ணினேன், பதின்மூன்று. இந்தத் தெருவில் அநியாயம் என்றால் கேட்பதற்கு நான் ஒருவன்தானே? நேரே போய்ச் சட்டம் பேசினேன், வாயில் வந்த ஒரு பிரிவு நம்பரையும் சொன்னேன், ஆள் நடுங்கிவிட்டான். "உபகாரம் அண்ணாச்சி, நாளைக்கு வார்டுல நாய்க்கு ஊசி போடுற கேம்ப் உண்டு, நிங்களே கொண்டு போங்க" என்று சங்கிலியை என் கையில் தந்துவிட்டான். கேம்பில் திருவிழாக் கூட்டம். அசோசியேஷன் செக்ரட்டரி பஞ்சாபகேசன், "ஓய் திரவியம், உம்ம நாயா? எலும்பு தெரிஞ்சாலும் ராஜகளைங்காணும்" என்றார். அத்தனை பேர் முன்னால் அடுத்தவன் நாய் என்று எப்படிச் சொல்ல? "பின்னே? இதுக்க பாட்டனை எங்க பாட்டன்லா வளத்தாரு" என்றேன். அதைக் கேட்ட டாக்டரம்மா சுஜா, உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள். பிறகுதான் சங்கிலி அறுத்த கழுத்துப் புண்ணைப் பார்த்தாள். "மூணு தலைமுறையா வளத்தும் சோறு போட அறியில்லே?" என்றாள். திங்கட்கிழமை வீட்டுக்கே வருவாளாம், நாய் தேறவில்லை என்றால் என் மேல் கேஸாம். பத்மகுமாரிடம் ஓடினேன். "பேப்பர்ல நிங்க பேரல்லே அண்ணாச்சி, அப்ப பட்டியும் நிங்களுது" என்று நாயை என் தலையில் கட்டிக் கேட்டைச் சாத்திவிட்டான். அத்தையோ, "நாய் வீட்டு நடை ஏறிச்சுன்னா நான் நடை எறங்கிருவேன்" என்கிறாள். நாய் இப்போது துவைகல் பக்கம் நிற்கிறது, நானும் பெரும்பாலும் அங்கேதான். ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்குள் நாகர்கோவிலிலிருந்து உன் ஆஸ்பத்திரி வண்டியோடு வந்து, இதை ஒரு நல்ல வீட்டில் சேர்த்து மாமன் மானத்தைக் காக்க வேண்டியது.

உன் கைபட்ட ஆடுமாடெல்லாம் நூறு வயது வாழட்டும், அவற்றோடு நீயும்.

இப்படிக்கு,
மாமன் திரவியம், பி.யு.சி. (ஒரு பேப்பர் பாக்கி)

பின்குறிப்பு: மூன்று நாளாகத் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். வண்டி வேண்டாம், புண்ணுக்கு மருந்து மட்டும் போதும். நாய் கொஞ்சம் தேறியதைக் கண்டு பத்மகுமார் திருப்பிக் கேட்டு வந்தான், அத்தை துடைப்பத்தோடு போய் அவனை விரட்டினாள். இப்போது நடையில் உட்கார்ந்து, விழிஞ்ஞத்து அயிலை மீனை முள் எடுத்து அதற்கு ஊட்டிக்கொண்டிருக்கிறாள். முப்பத்தைந்து வருஷத்தில் எனக்கு ஒரு முள் எடுத்துத் தந்ததில்லை.