மேல்பிடி ரம்பமும் என் தலைசுற்றலும்

எங்கள் வீட்டு மாமரத்தை இனி நானே கவனித்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். அதன் கிளை ஒன்று படுக்கையறை ஜன்னல் வரை வந்துவிட்டது. காற்றடித்தால் கண்ணாடியைச் சுரண்டுகிறது. மரம் வெட்டுகிறவரைக் கூப்பிடலாம் என்றாள் மனைவி. ஆம்பளைன்னு ஒருத்தன் வீட்டில் எதற்கு இருக்கிறேன் என்று கேட்டேன். அவளும் ரொம்ப நாளாக அதைத்தான் யோசிக்கிறாளாம்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். என் கைக்குத் தெரிந்த மிகப் பெரிய ஆயுதம், கண்ணாடிச் சட்டத்தை முடுக்குகிற குட்டித் திருப்புளி. ஆனால் கைபேசியில் பார்த்த அந்தச் செயின் ரம்பம் என்னைத் தூங்கவிடவில்லை. பேட்டரியில் ஓடுவது. கைப்பிடி பின்னால் கிடையாது, மேலே. இஸ்திரிப் பெட்டி மாதிரி தூக்கிக்கொள்ளலாம்.

"ஒரு ரம்பம் வாங்கலாம்னு இருக்கேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்கே. பத்தாதா?"

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எனக்கு உயரம் என்றால் தலை சுற்றும். ஞாயிற்றுக்கிழமைகளில் அதிகமாகச் சுற்றும். அதனால் மின்விசிறி துடைப்பது, பரண் ஒழிப்பது, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி கழுவுவது எதுவும் என் இலாகா இல்லை. அவள் ஏணியில் இருப்பாள். நான் சோபாவில் இருப்பேன். இந்த ஏற்பாடு எனக்கு உயிர்.

அவள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். வயிற்றுவலி என்று ஓரமாக உட்காருகிற பிள்ளைகளோடு மல்லுக்கட்ட மாட்டாளாம். பேசாமல் பந்தை அந்தப் பக்கம் உருட்டிவிடுவாளாம். கொஞ்ச நேரத்தில் பிள்ளை எழுந்து ஓடிவிடுமாம். என்னிடமே பல தடவை சொல்லியிருக்கிறாள். நானும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன்.

சனிக்கிழமை அவளே வந்து கூப்பிட்டாள். "வாங்க, கடையில போய்ப் பாத்துட்டு வந்துடலாம்."

அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். எங்கே? புது மாப்பிள்ளை மாதிரி சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

கடைக்காரர் விவரமானவர். "எப்பவாவதுதான் அறுப்பீங்களா சார்?"

"வருஷத்துல ஒரு தடவை, ரெண்டு தடவை."

"அப்போ பெட்ரோல் வேணாம். சும்மா கிடந்தா அடைச்சுக்கும். பேட்டரியே போதும்."

நான் மேல்பிடி ரம்பத்தை ஆசையாகத் தடவினேன். அவர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இது மரத்து மேல கயிறு கட்டிக்கிட்டு நின்னு வேலை பாக்கறவங்களுக்கு சார். தரையில நிக்கறவங்களுக்குப் பின்பிடி வெச்சதுதான் பத்திரம். நீங்க மேல ஏறுவீங்களா?"

பின்பிடி ரம்பத்தைப் பார்த்தேன். அதன் முகத்தில் ஒரு களை இல்லை.

"அவருக்கு உயரம் ஆகாதுங்க, பாவம்," என்றாள் மனைவி. "பூச்செடி வெட்டற கத்தரிக்கோல் ஏதாவது இருந்தா காட்டுங்க."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "யாருக்கு ஆகாது? எந்த மரத்துலயும் ஏறுவேன்."

"தலை சுத்துமே?"

"அதெல்லாம் போயே போச்சு."

அவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. கல்யாணத்தன்றுகூட நான் அதைப் பார்த்ததில்லை. "இதை எடுத்து வைங்கண்ணே. கொஞ்சம் ஏறிப் பழகிட்டு வந்து வாங்கிக்கறோம்," என்று என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"எடுத்த எடுப்புல மரத்துல ஏறக் கூடாது," என்றாள் வீட்டுக்கு வந்ததும். "படிப்படியாத்தான் போகணும்."

முதல் படி, ஸ்டூல். எல்லா அறை மின்விசிறிகளையும் துடைத்தேன். அடுத்த படி, ஏணி. பரணில் இருந்த ஓட்டைப் பாத்திரங்கள் முழுக்க இறங்கின. அவள் கீழே நின்று விசில் ஊதினாள். மூன்றாம் மின்விசிறியில் எனக்கு நிஜமாகவே தலை சுற்றியது. எப்படிச் சொல்வது? சொன்னால் ரம்பம் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கையைப் பிடித்துக்கொண்டேன். அதுவும் என்னோடு சேர்ந்து சுற்றியது.

ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பரீட்சை. மொட்டைமாடித் தொட்டிக்குள் இறங்கித் தேய்த்தேன். உள்ளே இருந்தால் வெளியுலகம் காதில் விழாது. என் குரல் மட்டும் கணீரென்று கேட்டது. இன்னும் சற்று நேரத்தில் ரம்பம் என் கையில் என்ற குஷியில், தெரிந்த பாட்டெல்லாம் பாடித் தீர்த்தேன்.

சொட்டச் சொட்ட இறங்கி வந்தேன். "கிளம்பலாமா? கடை திறந்திருக்கும்."

அவள் துண்டை நீட்டினாள். அப்படியே ஜன்னலைக் காட்டினாள். கண்ணாடியில் வானம் பளிச்சென்று தெரிந்தது. கிளையைக் காணோம். கீழே துண்டு துண்டாக அடுக்கிக் கிடந்தது.

"மரம் வெட்டறவர் வந்துட்டுப் போனாருங்க. நீங்க உள்ளே ரசிச்சுப் பாடிட்டிருந்தீங்க. ஏன் கலைக்கணும்னு விட்டுட்டேன்."

"அப்போ என் ரம்பம்?"

"எதை அறுக்க?"

அப்படியே சோபாவில் சாய்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். பழைய சாக்காவது மிஞ்சட்டும் என்று நினைத்து முனகினேன். "எனக்குத் தலை சுத்துது."

"அதான் போயே போச்சே, கடைக்காரரே சாட்சி," என்று அவள் விசிலை எடுத்தாள். "எழுந்திருங்க, விட்டத்துல ஒட்டடை நிறைய இருக்கு."