மாப்பிள்ளை வண்டியின் உள்சங்கிலி

ஓடுகிற எந்த இயந்திரத்தையும் "சும்மா ஒரு தடவை பார்க்கிறேன்" என்று சொன்னவர் யாரும் சும்மா பார்த்ததில்லை. அவர் கையில் ஒரு ஸ்பானர் இருக்கும். புதிதாகப் படித்தவராக இருந்தால் இரண்டு இருக்கும். நான் அப்போது இரண்டு வைத்திருந்த ரகம்.

பட்டணத்தில் மெக்கானிகல் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் பெண் நான் ஒருத்திதான். இதை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வேன். மாமல்லபுரத்தில் என் அம்மாவோ, வீட்டில் யாருக்கோ வெளியில் சொல்ல முடியாத வியாதி இருப்பதைப் போல மறைத்து வைத்திருந்தாள். காரணம் மரகதம் அக்கா. அவளைப் பார்க்க வந்த இரண்டு வரன்கள், "தங்கச்சி இரும்படிக்கிறதாமே" என்று விசாரித்துவிட்டுப் போனவர்கள், திரும்பவே இல்லை.

மூன்றாவது வரன் ஏகாம்பரம். செங்கல்பட்டில் கோர்ட் குமாஸ்தா. திருக்கழுக்குன்றம் தேரில் அக்கா அவரைப் பார்த்திருக்கிறாள், அவரும் அக்காவைப் பார்த்திருக்கிறார். இரண்டு பேரும் தேரைப் பார்த்ததாகத் தகவல் இல்லை. பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அக்கா அப்பாவிடம் சொன்னது, "உங்க இஷ்டம்ப்பா." என்னிடம் சொன்னது, "வேதா, இதுவும் உன்னால தட்டிப் போச்சுன்னா உன்னக் கெணத்துல தள்ளிடுவேன்."

அம்மா எனக்கு மூன்று கட்டளைகள் இட்டாள். ஒன்று, அடுக்களையை விட்டு வெளியே வரக்கூடாது. இரண்டு, வாயைத் திறக்கக்கூடாது. மூன்று, நகக்கண்ணில் இருக்கிற கிரீஸைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டும். (மூன்றாவதை முழுமையாக நிறைவேற்றினேன்.)

அன்று காலை, வண்டி வருவதற்கு முன்னால் அதன் சத்தம் வந்தது. யுத்தம் முடிந்து ராணுவம் ஏலத்தில் விட்ட மோட்டார் சைக்கிள் அது. இடது பக்கம் ஒரு சைடு கார். ஓட்டியவர் மாப்பிள்ளை. பின்னால் அவருடைய தாய்மாமன் நாராயணசாமி, செங்கல்பட்டில் அரிசி மில் வைத்திருப்பவர். சைடு காருக்குள் மாப்பிள்ளையின் அம்மா. மூன்று பேரும் வழியெல்லாம் செம்மண் பூசிக்கொண்டு ஒரே நிறத்தில் இருந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தகப்பனார் இல்லை. மாமா சொல்வதுதான் தீர்ப்பு.

எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தபோது நான் வண்டியைக் கேட்டேன். தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம். மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு சங்கிலி. பின் சக்கரத்துக்குப் போவது ஊருக்கே தெரிந்த சங்கிலி. அதற்கு முன்னால் எஞ்சினிலிருந்து கியர்பாக்ஸுக்கு இன்னொரு குட்டைச் சங்கிலி, தகரக் கூட்டுக்குள் எண்ணெயில் குளித்தபடி ஓடும். அது தொய்ந்து போனால் கூட்டின் சுவரில் அடிக்கும். அடித்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் அறும். அடுப்படியில் பஜ்ஜி திருப்பிக்கொண்டே இதைக் கண்டுபிடித்தேன். சொல்லத்தான் ஆளில்லை.

கூடத்தில் காரியம் நன்றாகவே போனது. அக்கா காபி கொண்டு போனாள், சிந்தாமல் கொடுத்தாள். மாமா சொஜ்ஜியை இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார். பிறகு அவரிடமிருந்து அந்தக் கேள்வி வந்தது.

"சின்னது இன்னா படிக்குது?"

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பொய் சொல்ல வராது. "கணக்கு மாதிரி ஒண்ணு" என்றார்.

"எஞ்சினு படிப்புன்னு சொன்னாங்களே."

"எஞ்சின்லயும் கணக்கு வருதுங்க."

மாமா தம்ளரைக் கீழே வைத்த விதத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. அப்பா மரியாதைக்கு, "ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போகலாமே" என்றார்.

எங்கள் பக்கத்தில் பஜ்ஜி வேறு, சோறு வேறு. பஜ்ஜியை யார் வீட்டிலும் தின்னலாம். பெண் வீட்டில் இலை போட்டுச் சோற்றில் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு பேச்சு மாறினவர்களை ஊரில் யாரும் மதிக்க மாட்டார்கள்.

"அதெல்லாம் முடிவானப்புறம் பாத்துக்கலாம் வாத்தியாரே" என்று மாமா துண்டை உதறினார். "வூட்டுக்குப் போயி தபால் போடறோம்."

தபால் போடுகிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று தபால்காரருக்கே தெரியும். கதவுக்குப் பின்னால் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிணற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

வெளியே புங்கமரத்தடியில் மாப்பிள்ளை வண்டியை உதைத்தார். புளியங்கொட்டை குலுங்கியது. அடுக்களை ஜன்னலுக்குள்ளிருந்து என் வாய், என்னைக் கேட்காமல், இரண்டாம் கட்டளையை மீறியது.

"உள்செயின் தொங்குது. இப்படியே போனீங்கன்னா பாதி வழியில அறுந்துடும்."

"யாரு பேசறது?" என்றார் மாமா.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளை மட்டும் எஞ்சினை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் வந்தார். "ரெண்டு மாசமா இந்தச் சத்தத்தோட பேஜாரா கீதுங்க. எவனுக்கும் இன்னான்னு தெரியல. சரி பண்ண முடியுமா?"

"அரை மணி நேர வேலை."

(இந்த வாக்கியத்தை அதற்குப் பிறகு வாழ்க்கையில் நான் யாரிடமும் சொன்னதில்லை.)

சங்கிலிக் கூடும் இடது பக்கம், சைடு காரும் இடது பக்கம். இரண்டுக்கும் நடுவே கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு நான் நுழைந்தேன். மாப்பிள்ளையின் அம்மா இறங்க மறுத்துவிட்டார். "ஏறறதுக்கே உசுரு பூட்ச்சி. அரை மணிதானே, ஒக்காந்துக்கினே கீறேன்" என்று விசிறியை எடுத்துக்கொண்டார். கழற்றுகிற நட்டையெல்லாம் அவர் மடியில் வைத்தேன். அவரும் வெற்றிலை பாக்கு போலப் பத்திரமாக முடிந்துகொண்டார்.

முறை சுலபமானது. கூட்டின் மேல் ஒரு சின்ன மூடி. அதைத் திறந்து, விரலை விட்டுச் சங்கிலியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அரை அங்குலம் போல ஆடலாம். அதிகம் ஆடினால் கியர்பாக்ஸின் போல்ட்டுகளைத் தளர்த்தி, முழுக் கியர்பாக்ஸையும் கொஞ்சம் பின்னுக்கு இழுக்க வேண்டும். இழுத்தேன். அரை அங்குலம் அச்சாக வந்தது. பெருமையோடு எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றினேன். அரைச் சுற்றில் சங்கிலி தம்புராக் கம்பி மாதிரி விறைத்து நின்றது. தேய்ந்த சங்கிலி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்ந்திருக்காது. ஒரு பக்கம் தொய்யும், ஒரு பக்கம் இறுகும். இறுகிய இடத்தில் வைத்துத்தான் அளக்க வேண்டும் என்பது பரீட்சையில் நான் முழு மார்க் வாங்கிய பதில்.

அதோடு நிறுத்தி, இறுகிய இடத்தில் அரை அங்குலம் வைத்து மூடியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே வந்திருக்காது. ஆனால் மாமா மேலே நின்றுகொண்டு, "இன்னா, முடிஞ்சுதா? புரியலன்னா வுட்டுடு" என்றார். புரியவில்லை என்பதா? சங்கிலியையே கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, கண்ணி கண்ணியாகப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

கூட்டின் வெளி மூடியைக் கழற்றியபோது, உள்ளே எண்ணெய் இருக்கும் என்பதை நினைத்தேன். எவ்வளவு இருக்கும் என்பதை நினைக்கவில்லை. வெற்றிலைத் தாம்பாளத்தை இழுத்து அடியில் வைத்தேன். தாம்பாளம் நிறைந்து, மீதி மாமாவின் புதுச் செருப்புக்குள் போய்ச் சேர்ந்தது. செருப்புக்குள் மாமாவும் இருந்தார்.

அந்த நேரம் பார்த்துக் காளியப்பண்ணன் மீனோடு வந்தார். குப்பத்துக்காரர், எங்களுக்கு வழக்கமாக மீன் கொடுப்பவர். விருந்தாளிகள் போன பிறகு சமைக்கலாம் என்று அம்மாதான் சொல்லி வைத்திருந்தாள். கூடையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னாம்மா, வண்டி கொடல உருவிப் போட்டுக்கினு கீற?"

சங்கிலியின் இரண்டு முனையையும் சேர்க்கும் இணைப்புக் கண்ணியில் இருந்தேன். அதை ஒரு சின்ன வில் கிளிப் பிடித்துக்கொண்டிருக்கும். சுண்டுவிரல் நகம் அளவுதான். அது இல்லாமல் சங்கிலி நிற்காது, சங்கிலி இல்லாமல் வண்டி நகராது. குறட்டால் மெதுவாகத் தள்ளினேன். 'டிங்' என்றது. கிளிப்பைக் காணோம்.

புங்கமரத்தடி முழுவதும் கடற்கரை மணல்.

"யாரும் அசையாதீங்க" என்றேன். எல்லோரும் அசைந்தார்கள்.

பிறகு நடந்ததை மாமல்லபுரத்தில் பலர் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். அப்பா குப்புறப் படுத்து மணல் மட்டத்தில் கண்ணை வைத்துப் பார்த்தார். மாப்பிள்ளை பட்டு அங்கவஸ்திரத்தை மரத்தில் மாட்டிவிட்டு விரலால் கிளறினார். மில் முதலாளி நாராயணசாமி, ஒரு காலில் செருப்பும் மறு கால் எண்ணெய் வழியும் வெறுங்காலுமாக, அம்மாவின் மாவுச் சல்லடையை வாங்கி மணலைச் சலித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாத்த, வலை ஒண்ணு கொண்டாரட்டா?" என்றார் காளியப்பண்ணன்.

"யோவ், மூடிக்கினு போறியா?" என்றார் மாமா.

"ஊசியக் கடல்ல போட்டவன்கூட இப்படித் தேடியிருக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு, போகாமல் பீடி பற்ற வைத்தார்.

அக்காவும் தேட வந்தாள். வந்தவள் மரத்துக்குப் பக்கத்தில் நின்றதோடு சரி. தலை குனிந்து, கால் கட்டைவிரலால் மணலில் கோடு கிழித்துக்கொண்டு நின்றாள். சல்லடையிலிருந்து நிமிர்ந்த மாமா அதைப் பார்த்து, சைடு காரிலிருந்த தன் தங்கையிடம், "பொண்ணுன்னா இப்படி வெக்கம் வேணும். அதோ அது மாதிரியா?" என்று என்னைக் காட்டினார்.

வெயில் உச்சிக்கு வந்தது. செங்கல்பட்டுக்கு அடுத்த பஸ் சாயங்காலம்தான். உள்ளே அம்மாவுக்கு வேறு கவலை. "இனிமே வெக்கலன்னா மீனு கெட்டுடும்டி" என்று முணுமுணுத்தபடி குழம்பைக் கொதிக்க விட்டாள். வாசம் ஜன்னல் வழியாக வந்து புங்கமரத்தடியில் உட்கார்ந்தது. மாமாவின் சல்லடை மெதுவானது. பிறகு நின்றது.

"இன்னா மீனு அது?" என்றார், யாரையும் பார்க்காமல்.

"கெழங்கான்" என்றார் காளியப்பண்ணன். "காலைல புடிச்சது. மாங்கா போட்டிருக்காங்க போல கீது."

மாமா வானத்தைப் பார்த்தார். சைடு காருக்குள் அசைவு தெரிந்தது. ஏறவும் இறங்கவும் முடியாத மாப்பிள்ளையின் அம்மா, யார் உதவியும் இல்லாமல் இறங்கி, மடியிலிருந்த நட்டையெல்லாம் என்னிடம் ஒப்படைத்தார்.

"அண்ணே, நீ கவுரதைய பாத்துக்கினு இரு. நான் சாப்புடப் போறேன்."

"ஏய், சோத்துல கை நனைச்சா இன்னா அர்த்தம் தெரியுமில்ல?"

"தெரியும். பசின்னா இன்னா அர்த்தம்னும் தெரியும்."

அக்கா இலை போட்டாள். அம்மா பரிமாறினாள். மாப்பிள்ளை, மாமாவின் முகத்தைப் பார்க்காமல் தன் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். மாமா சல்லடையோடு தனியாக நின்றார். கொஞ்ச நேரம்தான். கை கழுவும் சத்தம் கேட்டது.

இரண்டாம் முறை குழம்பு ஊற்றச் சொன்னபோது, "வாத்தியாரே" என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். ஒரு முள்ளை எடுத்து இலை ஓரத்தில் வைத்தார். "ஒங்க வூட்டுல குழம்பு நல்லாத்தான் கீது, சம்பந்தி" என்றார்.

அப்பா அவர் குழம்பின் மேலேயே மோரை ஊற்றிவிட்டார்.

நான் இன்னும் மணலில்தான் இருந்தேன். அக்கா வந்து உள்ளங்கையை நீட்டினாள். கிளிப் இருந்தது.

"எங்க கெடைச்சுது?"

"இங்கதான்" என்றாள். கிணற்றடியில் அவள் கால் கழுவியபோது பார்த்தேன். கட்டைவிரலுக்கு அடியில் அந்தக் கிளிப்பின் வடிவம், முத்திரை குத்தினது போலப் பதிந்திருந்தது. மணலில் கோடு கிழித்தது வெட்கம் இல்லை, புதைப்பு வேலை.

"எவ்ளோ நேரமா மிதிச்சுக்கிட்டு நின்ன?"

"அது பறந்து மரத்துக்கிட்ட விழுந்தத ஜன்னல்லேருந்து பாத்துட்டேன்." அக்கா காலைத் துடைத்துக்கொண்டாள். "நீ அரை மணின்னு சொன்ன. எனக்குச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் வேணும்னு தோணிச்சு."

மாமா அப்பாவின் சாய்வு நாற்காலியில் குறட்டை விட, மாப்பிள்ளை ஸ்பானர் எடுத்துக் கொடுக்க, நான் வண்டியைச் சேர்த்தேன். கிளிப்பின் மூடிய முனை ஓடும் திசையைப் பார்க்க வைத்தேன். இறுகிய இடத்தில் அரை அங்குலம் வைத்தேன். கியர்பாக்ஸ் பின்னால் வந்துவிட்டதால் வெளிச்சங்கிலி தொய்ந்தது. அதற்காகப் பின் சக்கரத்தையும் பின்னால் தள்ளினேன். கிளட்ச் கம்பியைச் சரி செய்தேன். எண்ணெயை அப்பாவின் பழைய வேட்டியில் வடிகட்டி ஊற்றினேன். வண்டி பட்டு மாதிரி கிளம்பியது. புளியங்கொட்டைச் சத்தம் இல்லை.

பின் சக்கரத்தைத் தள்ளினால் பிரேக் கம்பியும் இழுபடும், அதைத் தளர்த்த வேண்டும் என்பது அவர்கள் கண்ணுக்கு மறைந்த பிறகு ஞாபகம் வந்தது. பிரேக் பிடித்தபடியே ஓடி, திருக்கழுக்குன்றத்தில் பின் சக்கரம் புகையத் தொடங்கியதாம். மாமா இறங்கி நின்று புகையைப் பார்த்துவிட்டு, "கை நனைச்சாச்சு. இனி வண்டியே எரிஞ்சாலும் பேச்சு மாறாது" என்றாராம்.

கல்யாணம் ஆன பிறகு அக்கா உண்மையை அத்தானிடம் சொல்லிவிட்டாள். அத்தான் வயிறு குலுங்கச் சிரித்து, மாமாவிடம் சொல்லிவிட்டார். மாமா ஒரு வாரம் மில்லிலேயே சாப்பிட்டார். அதற்குப் பிறகு அவரைப் போல அந்தக் கதையைச் சொல்ல ஆளில்லை. இன்றைக்கும் செங்கல்பட்டு வீட்டுக்கு வந்தவர்கள் சாப்பிடாமல் கிளம்பினால், உள்ளே திரும்பி அவர்தான் குரல் கொடுப்பார்:

"மரகதம், இவங்க கெளம்பறாங்களாம். எது மேலம்மா கால வெச்சுக்கினு நிக்கற?"