வியாழன் காலை, கருவாடு இரண்டு துண்டு

நாள்பட்ட நோய் நாள்பட்டுத்தான் இருக்க வேண்டும் என்பதில் காராங்சாரி மருந்துச் சலுகை அலுவலகத்துக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நோயாளி நேரில் வந்து தன் நோயை நிரூபிக்க வேண்டும். ஜாவாவின் வட கரையில் இருந்த அந்தச் சிற்றூரின் ஒரே மருந்துக்கடைக்காரர் எண்டாவுக்கு இதில் ஆட்சேபம் இருந்ததில்லை, சர்மிதிக்கு உடம்பு தேறும்வரை.

சர்மிதி வலை பின்னுகிறவர். அவருடைய அண்ணன் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திய மூன்றாம் வாரம், பின்னிக்கொண்டிருந்த வலைமேலேயே சாய்ந்து உயிரை விட்டவர். அதனால் எண்டா ஒரு வருடம் சர்மிதியை விடாமல் துரத்தினார். மாத்திரையைக் காப்பித்தூள் டப்பாவோடு கட்டிவைத்தார். மறந்த நாளில் வாசலில் போய் நின்றார். நூற்றுத் தொண்ணூறில் இருந்த ரத்த அழுத்தம் நூற்றிருபத்தெட்டுக்கு இறங்கியது.

உடனே கடிதம் வந்தது: 'தங்களுக்கு நோய் இருப்பதற்கான முகாந்திரம் காணப்படாமையால் மருந்து நிறுத்தப்படவுள்ளது. வியாழனன்று நேரில் வந்து மறுப்புத் தெரிவிக்கலாம்.'

எண்டா சலுகை அலுவலக அதிகாரி ஹார்தோயோவிடம் ஓடினார். ஆணை 'பாக்' என்றும் பெண்ணை 'இபு' என்றும் மரியாதையாக அழைப்பது அந்த ஊர் வழக்கம்; சண்டையிலும் அது குறையாது.

"மாத்திரை சாப்பிடறதாலதான் பாக் குறைஞ்சிருக்கு."

"குறைஞ்சிருக்குன்னு நீங்களே ஒத்துக்கறீங்க இல்ல இபு?"

"நிறுத்தினா ஏறுமே!"

"ஏறட்டும். ஏறினதும் விண்ணப்பிக்கச் சொல்லுங்க. அந்த வரிசையில கூட்டமே இருக்காது."

"அவர் அண்ணனுக்கு ஏறினப்ப விண்ணப்பிக்க ஆளே இல்ல பாக்."

"வாரிசு விண்ணப்பிக்கலாம். படிவம் வேற."

எண்டா கடைக்குத் திரும்பினார். உப்புப் பூத்த கருவாட்டில் இரண்டு துண்டைப் பொட்டலம் கட்டி, கடையின் சீட்டை ஒட்டி எழுதினார்: 'வியாழன் காலை, சோற்றுடன், ஒரே வேளை.'

சர்மிதி பொட்டலத்தை முகர்ந்து பார்த்தார். "போன வருஷம் என் தட்டுலேர்ந்து இதைப் பிடுங்கினது நீங்கதானே இபு?"

"அது வைத்தியம். இது நிர்வாகம். பேசாம தின்னுங்க."

ஆனால் ஒரு வருடப் பத்தியம் வீண்போகுமா? நாக்கில் வைத்ததும் சர்மிதிக்குக் குமட்டியது. கருவாட்டைப் பூனை தின்றது. வியாழனன்று அலுவலகத்தில் மூன்று வரிசை, ஒரு நகல் குறைவு, சாப்பாட்டு இடைவேளை, பிறகு முதல் வரிசைக்கே மறுபடியும். கடைசியில் தாதி சர்மிதியின் கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றியபோது நூற்றெண்பத்திரண்டு.

ஹார்தோயோ எழுந்து நின்று கைகுலுக்கினார். "வாழ்த்துகள் பாக், உங்களுக்கு நோய் இருக்கு!" பிறகு பதிவேட்டைப் புரட்டினார். "ஒரு வருஷமா எந்தக் கடை மருந்து?"

"இதோ நிக்கறாங்களே, இபு எண்டா கடை."

"அதைச் சாப்பிட்டுமா நூற்றெண்பத்திரண்டு?"

பயன் தராத மருந்து தரும் கடையின் அனுமதி விதிப்படி அந்த இடத்திலேயே ரத்தானது. எண்டாவுக்குக் காது அடைத்தது. தாதி பட்டையை அவர் கையில் சுற்றினாள்: நூற்றெழுபத்தாறு. ஹார்தோயோ பெருந்தன்மையோடு புதுப் படிவம் எடுத்தார்.

"நீங்களும் தகுதி பெற்றுட்டீங்க இபு. பக்கத்துல எந்த மருந்துக்கடை?"

"என் கடைதான்."

எழுதினார். எழுதியதை அடித்தார். சற்று யோசித்துவிட்டு மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே அவருடைய சொந்த மாத்திரை அட்டை. அதிகாரிகளின் நோயை நம்பிக்கையின் பேரிலேயே ஏற்றுக்கொள்வது அலுவலக மரபு. மேலே எண்டாவின் கையெழுத்தில், 'காலையில் ஒன்று, மறக்காதீங்க பாக்.' மிச்சம் இரண்டு.

"இபு," குரல் இறங்கியிருந்தது, "சனிக்கிழமைக்கு அப்புறம் எனக்கு ஏறிடுமே?"

"ஏறட்டும் பாக்," என்றார் எண்டா. "ஏறினதும் விண்ணப்பிங்க. கூட்டமே இருக்காது."