முதலாளி மீட்டிங்கில் இருக்கிறார்

அன்பு மச்சானுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவனுக்கு என்ன குறை?

ஆபீசுக்குக் கும்பிடு போட்டுவிட்டு, விளம்பர வாசகம் எழுதும் ஃப்ரீலான்ஸராக நான் வீட்டிலேயே உட்கார்ந்தது உனக்குத் தெரியும். உட்கார்ந்தேன், உட்கார்ந்தேன், நாற்காலி தேய்ந்ததே தவிர ஒரு வேலையும் வரவில்லை. கடைசியில் ஒரு சோபாக் கடைக்காரர் விசாரித்தார். இதுவும் கைநழுவினால் பழைய மேனேஜர் முன்னால் பல்லிளித்துக்கொண்டு போய் நிற்க வேண்டும். ஆள் படை உள்ள கம்பெனி என்று கடைக்காரர் நம்பட்டுமே என்று, போன் எடுக்கும் பொறுப்பை உன் அக்காவிடம் கொடுத்தேன். நான் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருக்க, அவள், "சார் மீட்டிங்ல இருக்காருங்க, முடிஞ்சதும் பேசச் சொல்றேன்" என்று தேனொழுகச் சொன்னாள். என்னிடம் ஒருநாளும் அந்தக் குரலில் பேசியதில்லை.

அதில் மயங்கியோ என்னவோ, மனிதர் சொல்லாமல் கொள்ளாமல் நேரிலேயே வந்து நின்றார். கதவைத் திறந்தது நான். நனைந்த பனியன், கையில் துடைப்பம். "ஏம்ப்பா, முதலாளி இருக்காரா?" என்றார். நான்தான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், வந்தது என்னவோ, "உக்காருங்க, கூப்பிடறேன்." அப்புறம் எந்த மூஞ்சியோடு சட்டை மாட்டிக்கொண்டு திரும்பி வருவது? உன் அக்கா காலில் விழாத குறை. அவள் என் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய் முதலாளியாக உட்கார்ந்தாள். நான் டீ கொண்டுபோனேன். "இந்த வயசுல இப்படியொரு வேலையா, பாவம்" என்று அவர் உச்சுக்கொட்ட, "மெதுவாத்தான் செய்வாரு, ஆனா நம்பிக்கையான ஆளு. ஏங்க, இந்தக் கோப்பையக் கழுவி வைங்க" என்றாள் மகராசி. கழுவினேன். வேலை கிடைத்துவிட்டது!

ஒரே சங்கடம், அவர் அடிக்கடி வருவார் என்கிறாள் உன் அக்கா. எந்த நேரம் வந்தாலும் வேஷம் கலையக் கூடாதே என்று நாள் முழுக்கத் துடைப்பமும் கையுமாக இருக்கிறேன். எழுதுவதெல்லாம் அடுப்படி மேடையில். இருந்தாலும் ஜெயித்தது என் மூளைதானே?

உன் வீட்டுப் பெரியவர்களுக்கு வணக்கம், வாண்டுகளுக்கு முத்தம். உனக்கும் என்னைப் போல் யாருக்கும் கட்டுப்படாத வாழ்வு கிட்டட்டும்.

உன் அத்தான்

பி.கு.: தம்பி, இது அக்கா. கடிதத்தை ஒட்டித் தபாலில் போடச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார். சோபாக் கடைக்காரருக்கு அன்றைக்கே தெரியும். அவர் உட்கார்ந்த இடத்துக்கு எதிரிலேயே எங்கள் கல்யாண போட்டோ தொங்குகிறது. போகும்போது வாசலில், "உங்க வீட்டுக்காரர் நல்லா எழுதுவாருன்னு கேள்விப்பட்டுத்தான் வந்தேன், வேலை அவருக்குத்தான். இப்படிச் சிரிச்சு ரொம்ப நாளாச்சும்மா" என்றார். இனி வரமாட்டார், போனிலேயே பேசிக்கொள்வாராம். அத்தானிடம் மூச்சு விடாதே. வீடு இத்தனை பளிச்சென்று இருந்து நான் பார்த்ததே இல்லை.