ஊரி நண்டுக்கு உறுதி முடித்த வரலாறு

வீடு இழந்த மக்களுக்கு, வீட்டை முதுகில் சுமந்து திரியும் பிராணியொன்றைக் கொடுத்து ஆறுதல் சொன்ன முதலாவது ஊர் என்ற பெருமை, உலக சரித்திரத்தில் எங்கள் ஊரையே சாரும். கல்முனைக்குத் தெற்கே கடலைப் பார்த்தபடி கிடக்கும் எங்கள் குறிச்சியைப் பற்றிக் கிரேக்கர்களோ ரோமர்களோ ஒரு வரிகூட எழுதிவைக்கவில்லை. அது அவர்களுடைய குறை. அதை நிவர்த்தி செய்யும் தகுதி எனக்கு உண்டு. அந்த மகத்தான திட்டத்தின் 'அறிக்கை உதவியாளராக' நான்கரை வருடம் கடமையாற்றியவன் நான். உயர்தரப் பரீட்சையில் தமிழுக்கு ஏ, மற்ற இரண்டுக்கும் எஸ், அதாவது சாதாரண பாஸ். அறிக்கை எழுத வேறென்ன வேண்டும்?

எல்லா நாகரிகமும் ஒரு படிவத்தில்தான் தொடங்குகிறது. எங்களுடையதும் அப்படியே.

சுனாமியில் கடல் வந்து போன மூன்றாம் மாதம். பாடசாலை மண்டபத்தில் கிடந்த சனங்களைத் தகரக் கொட்டில்களுக்கு மாற்றியிருந்தார்கள். வேப்பமரத்தடியில் மேசை போட்டு, வெளிமாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி ஒருவர் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். வரிசையில் றாஸிக் நானாவின் முறை வந்தது.

“தொழில்?”

“கடல் சேர்.”

“சொந்த வீடு இழந்தவரா?”

றாஸிக் நானா தூண்டில்காரர். மீனிடம் மட்டும்தான் பொய் சொல்வார்.

“எனக்கேது சேர் ஊடு? ஊடு பொஞ்சாதிட.”

எங்கள் கரையில் வீடு பெண்ணுக்குரியது. பெண்ணைப் பெற்றவர்கள் கட்டிக்கொடுப்பார்கள். மாப்பிள்ளை ஒரு உடுப்புப் பையோடு வந்து ஏறுவார். இது எங்கள் ஊர்க் கோழிகளுக்கும் தெரியும். அதிகாரிக்குத் தெரியாது. அவர் 'குடும்பத் தலைவருக்கு வீடு இருக்கவில்லை. ஆகவே இழக்கவில்லை' என்று எழுதி, கீழே ஒரு கோடும் போட்டார். அந்தத் தர்க்கத்தில் இன்றுவரை ஒருவராலும் பிழை பிடிக்க முடியவில்லை.

மறுநாள் அவருடைய மனைவி பஸ்லியா ராத்தா ஓடிப்போனார். “சேர், ஊடு என்ட பேர்ல. உம்மா வாப்பா எழுதித் தந்த.”

“உறுதிப் பத்திரம் இருக்கா?”

“அது ஊட்டோட கடலுக்குள்ள போயிட்டு.”

“அப்ப குடும்பத் தலைவர் சொன்னதுதான்.”

கொட்டிலுக்குத் திரும்பிய ராத்தா, தலைவரிடம் கேட்டார்: “வாயத் தொறந்து உண்மையச் செல்ல ஒங்களுக்கு அந்த நாளா கெடச்ச? ஒரு பொம்புளப் புள்ள இரிக்காள். ஊடில்லாத பொண்ண நாளைக்கு ஆரு வந்து எடுப்பான்?”

அந்தப் பொம்பிளைப் பிள்ளைக்கு அப்போது ஏழு வயது. பெயர் ஸுலைஹா. தண்ணீர்ச் சத்தம் கேட்டால், அது வாளியில் விழும் தண்ணீராக இருந்தாலும், வாப்பாவின் இடுப்புச் சாரனை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளும் பிள்ளை.

இந்த இடத்தில்தான் 'அகில உலகச் சிறுவர் புன்னகை நிறுவனம்' வருகிறது. சிறிய, வழமைக்கு மாறான செல்லப்பிராணி ஒன்றை வளர்த்தால் பிள்ளைகளின் பயம் தெளியும் என்று அதன் தலைமையகம் பனிக்குளிர் நாடொன்றிலிருந்து கண்டுபிடித்திருந்தது. பெற்றோருக்கு 'வளர்ப்புப் பொறுப்பாளர்' என்ற பட்டமும் உண்டு. நிறுவனத்தின் இணைப்பாளர் மசூர் சேர், பிராணிகளின் பட்டியலோடு பள்ளிவாசல் நிர்வாக சபைக்கு வந்தார். குறிப்பெடுக்க நான் போனேன். தலைவர் மீராமுகைதீன் ஹாஜியார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“ஒண்டு, நாய்க்குட்டி.”

“அடுத்தது.”

“ரெண்டு, கினிப்பன்றி.”

விறாந்தையில் மின்விசிறி மட்டும் தன் கருத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது.

“அது பன்றி இல்ல ஹாஜியார். எலி மாதிரி ஒரு சாமான்.”

“எலி எண்டா கொட்டிலுக்கு ஆறு நிக்கிது மகன். வெளிநாட்டுல இருந்து தேவயில்ல.”

“மூணு, ஊரி நண்டு.”

“அது தூண்டில்ல கொளுவுறதுதானே?” என்றார் பின்வரிசையிலிருந்து றாஸிக் நானா.

மார்க்கத்தில் தடையில்லை, குரைக்காது, முகாமில் இடம் பிடிக்காது. ஏகமனதாக நண்டு நிறைவேறியது.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கரையில் கிடக்கும் வெறும் ஊரிக்குள், அதாவது சிறு சங்குக்குள், புகுந்து குடியிருக்கிற நண்டு அது. உடம்பு வளர்ந்தால் பெரிய ஊரியாகத் தேடிப் போய்விடும். விட்டுப்போன ஊரிக்குள் இன்னொரு நண்டு வந்து ஏறும். விண்ணப்பம் இல்லை, படிவம் இல்லை. அவ்வளவு பின்தங்கிய சமூகம்.

எங்கள் கரையில் அவை ஆயிரக்கணக்கில் ஓடின. ஆனால் கரையிலிருந்து அறுபத்தைந்து மீற்றர் இப்போது 'தடைசெய்யப்பட்ட வலயம்'. அங்கே மனிதன் ஒரு கல்லும் வைக்க முடியாது. ஆகவே சட்டத்தை மதித்து, கொழும்பில் நண்டு வாங்கி லொறியில் கொண்டுவந்தார்கள். பதினான்கு மணிநேரப் பயணம். வழியில் சோதனைச் சாவடியில் ஒரு ஆமிக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்து, “கன்னத?” என்றாராம். சிங்களத்தில் தின்னவா என்று அர்த்தம். “இல்ல, சந்தோசத்துக்கு” என்றிருக்கிறார் சாரதி. இரண்டு மணிநேரம் மறித்து வைத்துவிட்டார்கள்.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நண்டு, கண்ணாடித் தொட்டி, சலித்த மணல், மாற்றிக் குடியேற இரண்டு ஊரிகள், ஒரு கைந்நூல். கைந்நூலை நான்தான் கொட்டில் கொட்டிலாக வாசித்துக் காட்டினேன்.

“'வீடு பறிபோன நண்டு மூன்று நாட்களில் மனமுடைந்து இறந்துவிடும்.'”

“மூணு நாளா?” என்றார் றாஸிக் நானா. “நாங்க ஏழு மாசமா நிக்கிறம் தம்பி. நண்டுக்கு ரோசம் கூட.”

ஸுலைஹா நண்டுக்குப் பீவி என்று பெயர் வைத்தாள். படிவத்திலும் அப்படியே பதிந்தோம். பெயர்: பீவி. பால்: பெண். ஒரு வாரத்துக்குள் பிள்ளை ஊரியைக் காதில் வைத்துக் கேட்கத் தொடங்கினாள். வாளியில் தண்ணீர் விழுந்தால் சாரனைப் பிடிக்காமல் தொட்டியைப் பிடித்தாள்.

“உம்மா, பீவி கதவப் பூட்டிட்டுத் தூங்கிறா.”

“அவ பூட்டுவா மகள், அவக்குக் கதவு இரிக்கி” என்றார் ராத்தா, கொட்டில் வாசலில் தொங்கிய சாக்கை இழுத்து மறைத்தபடி.

ஓகஸ்ட் வெயிலில் தகரம் வெந்தது. ஒரு காலை பீவி ஊரியை விட்டு வெளியே வந்து அசையாமல் கிடந்தது. 'பிராணி ஓய்வில் உள்ளது' என்று எழுதினேன். மறுநாள் மசூர் சேர் அளவுகோலோடு பரிசோதனைக்கு வரவிருந்தார். றாஸிக் நானா தடைசெய்யப்பட்ட வலயத்துக்குள் போய், ஐந்து நிமிடத்தில் பீவியோடு திரும்பினார்.

“இது பீவி இல்ல. இது பெரிசி” என்றாள் ஸுலைஹா.

“வளந்திட்டு மகள்.”

“ஒரு ராவைக்கா?”

“ஓம். சந்தோசத்தில.”

பிள்ளை வாப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஊரியை எடுத்துக் காதில் வைத்தாள்.

மசூர் சேர் அளந்து பார்த்துப் பரவசப்பட்டார். “அபார வளர்ச்சி! இந்தக் கொட்டில் இதுக்குப் போதுமா? விரிவான அறிக்கை ஒண்டு எழுதும்.”

எனக்குள் உறங்கிக்கொண்டிருந்த இலக்கியவாதி எழுந்து உட்கார்ந்தான். நண்டைச் சாட்டி மனிதருக்கு வீடு கேட்கலாம் என்ற யோசனை எனக்கே பிரமிப்பாக இருந்தது. எழுதினேன்:

'மேற்படி தகரக் கொட்டில் எந்த உயிரினத்துக்கும் ஏற்றதல்ல. பகலில் வேகிறது, மழையில் ஒழுகுகிறது. இதனுள் வசிப்போருக்கு நிரந்தர வீடு அவசரமாகத் தேவை. இப்பிரதேச வழக்கப்படி வீட்டின் உறுதி பெண்ணின் பெயரிலேயே எழுதப்படல் வேண்டும்.'

பஸ்லியா ராத்தா இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்.

“'வசிப்போர்' எண்டா நாங்கதானே தம்பி?”

“வேற ஆரு ராத்தா?”

“என்ட பேரப் போட்டுட்டா நல்லமில்லயா?”

“அறிக்கையில பேர் போட்டா அழகு கெட்டுடும்” என்றேன். தமிழுக்கு ஏ எடுத்தவன்.

தலைமையகம் என் அறிக்கையை ஒரு எழுத்துவிடாமல் ஏற்றுக்கொண்டது. அடுத்த வருடம், வயலை நிரப்பிய காணியில் பன்னிரண்டாம் இலக்க வீடு எழுந்தது. இரண்டு அறை, ஒரு மண்டபம், குசினி, ஓட்டுக்கூரை, பூட்டும் திறப்புமுள்ள கதவு. திறப்பு விழாவில் நாடா வெட்டி, உறுதியை ஒலிவாங்கியில் வாசித்தார்கள். உரிமையாளர்: பீவி. பால்: பெண்.

மசூர் சேரை ஒரு பக்கம் இழுத்தேன். “சேர், பீவி நண்டு.”

“தெரியுமே. கொட்டில் உயிரினத்துக்குச் சரிவராது எண்டு நீர்தானே எழுதின?”

“அதுக்குள்ள ஆக்கள் மூணு பேர் இரிக்காங்க.”

“அவங்க வீடு இழக்கல்லயே. படிவத்தில தெளிவா இரிக்கி. பெண்ட பேர்ல எழுதச் சொன்னீர், எழுதிட்டம். உங்கட கலாசாரத்த நாங்க மதிக்கிறம்.”

“ஊடுள்ள பொண்ணு” என்றார் றாஸிக் நானா, கூட்டத்துக்குக் கேட்கும்படி. “இனி மாப்புள கேட்டு வருவானுகள்.” எல்லோரும் சிரித்தார்கள். பஸ்லியா ராத்தா சிரிக்கவில்லை. அவர் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆனாலும் நிறுவனம் அவரை மறக்கவில்லை. காலையில் வந்து வீட்டைக் கூட்டித் துடைத்து நண்டுக்குத் தண்ணீர் வைக்கும் பொறுப்பும், வீட்டுத் திறப்பாகிய சாவியும் அவருக்குக் கிடைத்தன. ஒரே ஒரு நிபந்தனை: பிராணியின் காலத்துக்குப் பிறகு வீடு தலைமையகத்துக்குப் போய்விடும். அன்றிலிருந்து பீவி சாகக்கூடாதவள் ஆனாள். பீவி இருக்கும்வரை திறப்பு ராத்தாவின் இடுப்பில் இருக்கும். தினமும் ஒரு மணிநேரம் அவர் கதவுள்ள வீடொன்றுக்குள் நிற்பார். சில நாட்களில் கதவை உள்ளே பூட்டிவிட்டு, சும்மா நிற்பார்.

குடும்பத்துக்கும் வீடு கேட்டு நான் வருடாவருடம் எழுதினேன், இப்போது பெயர்களைப் போட்டு. 'யுத்தம் நடப்பதால் தற்போது சாத்தியமில்லை' என்று பதில் வந்தது. இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம் யுத்தம் முடிந்தது. சந்தியில் வெடி கொளுத்தினார்கள், பாற்சோறு கொடுத்தார்கள். மீண்டும் எழுதினேன். 'சமாதானம் வந்துவிட்டதால் தேவைகள் நிறைவடைந்துள்ளன' என்று பதில் வந்தது.

போன கிழமை இறுதி மதிப்பீடு. மசூர் சேர் கமெராவோடு வந்தார். ஸுலைஹாவுக்கு இப்போது பதினொரு வயது. தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, “பீவிக்குச் சொந்த வீடு கிடைச்சது உங்களுக்குச் சந்தோசமா மகள்?” என்று கேட்டார்.

“ஓம் சேர்.” அவள் சற்று யோசித்தாள். “ஊரி நண்டு வளந்தா இருந்த ஊட்ட உட்டுட்டுப் போயிடும், பொறகு வேற ஆக்கள் அதுக்குள்ள போகலாம் எண்டு புத்தகத்தில இரிக்கிதானே. இது எப்ப சேர் வளரும்?”

பஸ்லியா ராத்தா தும்புத்தடியால் கூட்டிய இடத்தையே மறுபடியும் கூட்டினார்.

மசூர் சேர் கமெராவை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார். “'பிள்ளை மகிழ்ச்சியாக உள்ளது' எண்டு எழுதும். நண்டு எப்படி?”

'நலம்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அது ஒன்பதாவது பீவி. வெயிலில் ஒன்று, மழையில் ஒன்று, காரணமில்லாமல் சில. ஒவ்வொரு முறையும் றாஸிக் நானா கடற்கரைக்குப் போய் வந்தார். ஒவ்வொரு முறையும் நான் 'நலம்' என்று எழுதினேன். நண்டைப் பற்றி நான் எழுதிய பொய்களை எண்ணிச் சொல்ல முடியும். அந்த மூன்று பேரைப் பற்றி நான் ஒரு பொய்யும் எழுதியதில்லை. எந்தப் படிவமும் அவர்களைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை.