கழுவாத தட்டுக்கு முதல் பரிசு

ஒரு காட்டில், ஆற்றோரப் பொந்து ஒன்றில், ரெஜினா என்ற நீர்நாய் குடும்பம் நடத்தி வந்தாள். வீட்டுக்காரர் அமல்தாஸ் ஓவியர். அதாவது, வீட்டில்தான் இருப்பார்.

வனக் கலைக் கழகம் போட்டி வைத்தது. சாப்பாட்டு மேஜையை உள்ளது உள்ளபடி வரைய வேண்டும். ரெஜினா மத்தியானத்துக்குப் பொரித்த முழு விராலைத் தூக்கி மேஜையில் வைத்தார் அமல்தாஸ். பக்கத்தில் பாதி உரித்த எலுமிச்சை, தோல் தொங்கத் தொங்க. அவள் அம்மா வீட்டு வெள்ளிக் கூஜா, சாய்த்துப் போட்டபடி. தட்டோ விளிம்பைத் தாண்டி, இதோ விழுகிறேன் என்று நின்றது.

ரெஜினாவுக்குக் கை சும்மா இருக்குமா? தட்டை உள்ளே தள்ளினாள்.

"தொடாதே. அதுதான் கலை" என்று வெளியே இழுத்தார்.

"சரிங்க, எப்பச் சாப்பிடுறது?"

"நடுவர் வந்து படத்தையும் மேஜையையும் ஒத்துப் பார்க்கணும். படிவத்தில் ஏழாவது விதி. நம்ம டோக்கன் நாற்பத்து மூணு. நீ இங்கேயே உட்கார்ந்து ஈ ஓட்டு."

அவர் மட்டும் தினமும் 'தண்ணீரின் நிறம் பார்க்க' ஆற்றில் இறங்கி, வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

மூன்றாம் நாள் மீன் லேசாக நாறத் தொடங்கியது. நாளைக்குக் குப்பைதான். ரெஜினா உட்கார்ந்தாள், தலை முதல் வால்வரை தின்றாள், எலுமிச்சையையும் பிழிந்துகொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, தட்டை எடுக்காமல் போய்ப் படுத்தாள்.

அந்த நேரம் பார்த்து நாரை நடுவர் வந்தார். கான்வென்ட் மதர் மாதிரி கண்ணாடிக்கு மேலாகப் படத்தைப் பார்த்தார்.

"மீன். இதை நான் தினமும் பார்க்கிறேன்."

பிறகு மேஜையைப் பார்த்தார். முள், சக்கை, எச்சில் தட்டு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"வாழ்க்கையின் நிலையாமை! முதல் பரிசு இதற்குத்தான். யார் செய்தது?"

"நான்தாங்க" என்றாள் ரெஜினா, படுத்தபடியே.

நாரை தட்டில் ஒரு சீட்டு ஒட்டினார்: 'கலைப்பொருள். கழுவக் கூடாது.'

"ஐயா, இன்னும் ஒரு இருபது சீட்டு கொடுத்துட்டுப் போங்க."

சாயங்காலத்துக்குள் குழம்புச் சட்டி, தோசைக்கல், கரண்டி எல்லாம் கலைப்பொருள் ஆயின.

"அப்ப எனக்குச் சாப்பாடு?" என்றார் அமல்தாஸ்.

"மூணு நாளா வரைஞ்சீங்களே, அதை எடுத்துச் சாப்பிடுங்க."

நீதி: எச்சில் தட்டைக் கழுவினால் கடமை, கழுவாமல் விட்டால் கலை. சீட்டை மட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.