புனிதைகள் என்று சொல்லிவிட்டேன், அக்கா

அன்புள்ள அஸ்னீவ் அக்காவுக்கு,

க்ளெண்டேலிலிருந்து தம்பி கர்பிஸ் எழுதிக்கொள்வது. நாங்கள் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், என் மனைவி வெர்ஷீன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "எது சுகம்?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். அங்கே பெய்ரூட்டில் உங்கள் முழங்கால் வலியும் மின்வெட்டும் குறைய வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். இதை அத்தானுக்குக்கூடப் படித்துக் காட்ட வேண்டாம்.

நம் ஆர்ப்பியின் ஓவியக் கண்காட்சி. 'அர்மீனியக் கல்யாணம்' என்று பெயர் வைத்திருந்தாள். "அப்பா, முதல்ல நீங்களும் அம்மாவும் மட்டும் வந்து பாருங்களேன்" என்றுதான் சொன்னாள். நான் கேட்டேனா? ஞாயிறு பூசை முடிந்த கையோடு பாதிரியார் கெவோண்டையும் பாடகர் குழு மொத்தத்தையும் கூட்டிக்கொண்டு போய் இறங்கினேன். உள்ளே போனால் சுவர் முழுக்கப் பெரிதாக ஒரு படம். தலையில் கல்யாணக் கிரீடத்தோடு, நெற்றியோடு நெற்றி ஒட்டி இரண்டு பேர் நிற்கிறார்கள். இரண்டும் பெண். ஒருத்தி ஆர்ப்பி. மற்றவள் ஷோகிக், ஆர்ப்பியின் அறைத்தோழி என்று எழுதுவேனே, ஈஸ்டர் விருந்துக்கு வந்து திராட்சை இலை உருண்டைகளை வெளுத்துக்கட்டுவாளே, அவள்தான். இருவர் தலைக்கும் மேலே சிலுவையைப் பிடித்துக்கொண்டு, நம் கல்யாணங்களில் ஜோடியை ஆசீர்வதிக்கும் ஞானத்தகப்பன் இடத்தில் நிற்கிறார் ஒரு மீசைக்காரர். அந்த மீசை என்னுடையது, அக்கா.

"யாரு கர்பிஸ் இவங்க?" என்றார் பாதிரியார்.

என் நாக்கு என்னைக் கேட்காமலே, "புனிதைகள், ஃபாதர். அக்கா தங்கச்சி. வேதசாட்சிங்க" என்றது. உடனே பாடகர் குழு மொத்தமும் சிலுவை போட்டுக்கொண்டது.

"மீசைக்காரர்?"

"ஒரு பிஷப்பு."

"தாடி இல்லாத பிஷப்பா?"

"சின்ன வயசுப் படம், ஃபாதர்."

அவர் மெய்மறந்து, நம் கோயில் மண்டபத்திலேயே மாட்டிவிடலாம் என்றார். திரும்பினால் பின்னால் ஆர்ப்பி. அவள் கூச்சல் போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் மெதுவாக, "கோயிலுக்கு வந்தா என்னில் பாதியை வெளியே விட்டுட்டு வரேன். இங்க வர்ற ஓவியக்காரங்களுக்கு என் அர்மீனியப் பாதி புரியாது. நான் முழுசா நின்ன இடம் இந்தப் படம் ஒண்ணுதாம்ப்பா. அதுலயும் என்னை வேற யாரோ ஆக்கிட்டீங்களே" என்று சொல்லி, என் கோட்டை எடுத்து வந்து கையில் கொடுத்தாள். வாசல்வரை ஓடி வந்த ஷோகிக், பக்லாவா இனிப்பைக் காகிதத்தில் சுற்றி, "அங்கிள், நீங்க ஒண்ணுமே சாப்பிடலையே" என்று நீட்டினாள். அதுதான் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வெர்ஷீன், "எனக்கு ரொம்ப வருஷமாத் தெரியும்" என்றாள். ஏன் சொல்லவில்லை என்று பாய்ந்தேன். "சொன்னா மட்டும்? அப்பவே புனிதையாக்கியிருப்பீங்க."

என்னை அவள் எந்த இடத்தில் நிறுத்தி வரைந்திருந்தாள், பாருங்கள் அக்கா. நான் அங்கே நிற்கவில்லை. இப்போது இருவரும் பிரான்சுக்கு, மார்செய் போய்விட்டார்கள். போன் எடுப்பதில்லை. நீங்கள்தான் அவளிடம் பேச வேண்டும். பாதிரியாரிடம் உண்மையைச் சொல்லும் துணிச்சல் எனக்குச் சத்தியமாக வராது.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தங்கள். கர்த்தர் உங்கள் வீட்டு விளக்கை அணையாமல் வைக்கட்டும்.

தம்பி,
கர்பிஸ்

பி.கு.: துணிச்சல் வராது என்று மேலே எழுதியதை நம்ப வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்குள் பாதிரியாரே படத்தைக் கேட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். "ஃபாதர், அது என் பொண்ணு. பக்கத்துல அவ கட்டிக்கப் போறவ. மீசை நான்" என்றேன். காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். "அப்போ மண்டபத்துல மாட்ட முடியாது" என்றார். செருப்பை மாட்டும்போது, "உங்க மூக்கைத்தான் கொஞ்சம் சின்னதா வரைஞ்சிருக்கா உங்க பொண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார். இனி இந்தக் கடிதத்தை யாருக்கு வேண்டுமானாலும் படித்துக் காட்டுங்கள். உடனே மார்செய்க்குப் போன் போட்டேன். ஷோகிக் எடுத்தாள். "பக்கத்துலதான் இருக்கா அங்கிள், பேச மாட்டாளாம். ஸ்பீக்கர்ல போடறேன், சொல்லுங்க" என்றாள். எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன் அக்கா. வாயைத் திறந்தால், அங்கே மழையா என்று கேட்டேன்.

"வெயில்தான்" என்று ஆர்ப்பியின் குரல் வந்தது. அப்புறம் வைத்துவிட்டாள்.